பெரிய காலேஜ் பெயர் இருந்தால்தான் வேலை கிடைக்குமா? கடலூர், பாண்டி ஆட்கள் சொல்லுங்கள்

கெடிலக்கரை:

அக்கா மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட்ஆஃப் 200-க்கு 168. மச்சான் முதுநகரில் போட் இன்ஜின் மெக்கானிக். எங்கள் வீட்டில் காலேஜ் போகப்போகிற முதல் ஆள் இவள்தான்.

கவுன்சிலிங்கில் போனால் பண்ருட்டி அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் (பல்கலைக்கழகமே நடத்துவது) இசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ், கிடைக்கும் போலத் தெரிகிறது. இல்லாவிட்டால் கடலூர் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு தனியார் காலேஜில் சிஎஸ்இ, அதாவது கம்ப்யூட்டர் சயின்ஸ். இதற்கு நடுவில் ஒரு ஏஜெண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். சென்னையில் பெயர் பெற்ற ஒரு தனியார் காலேஜ், மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சிஎஸ்இ, ஹாஸ்டல் சேர்த்து நான்கு வருடத்துக்கு 14 லட்சம். “அங்கே படித்தால் கம்பெனிக்காரன் தேடி வருவான், இங்கே படித்தால் நீங்க கம்பெனியைத் தேடி அலையணும்” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போனார். அக்கா நகையைக் கணக்குப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். மீதிக்கு லோனாம்.

பொதுவான அறிவுரை நிறையக் கேட்டாகிவிட்டது. நிலவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பலாச்சுளை:

அண்ணா, அந்த ஏஜெண்டுக்கு காலேஜ் எவ்வளவு கமிஷன் கொடுக்கிறது என்று கேட்டீர்களா? முதலில் அதைக் கேளுங்கள்.

உப்பளத்துக்காரன்:

பெயரெல்லாம் சும்மா. நான் பாண்டியில் யாருக்கும் தெரியாத ஒரு காலேஜில் படித்தேன். இப்போது சோழிங்கநல்லூரில் டெஸ்டிங் வேலை, குறையில்லை. என் டீமில் ஊர்ப்பெயர் தெரிந்த காலேஜ் ஆளும் உண்டு, சம்பளம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இன்றைக்கு டிசிஎஸ் ஆள் எடுக்க நடத்தும் என்கியூடி தேர்வை எந்தக் காலேஜில் படித்தவரும் எழுதலாம். இன்ஃபோசிஸ் நடத்தும் கோடிங் போட்டியும் அப்படித்தான். டிசிஎஸ்ஸில் நிஞ்ஜா என்ற நிலைக்கு வருடம் 3.36 லட்சம், டிஜிட்டலுக்கு 7 லட்சம் வாக்கில். எந்த நிலை என்பதைத் தேர்வு மதிப்பெண்தான் முடிவு செய்யும், காலேஜ் கேட் இல்லை. பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் இருக்க வேண்டும், அரியர் தேங்கக் கூடாது. பெரிய ஐடி கம்பெனிகள் வழக்கமாகக் கேட்பது இவ்வளவுதான். 14 லட்சம் கொடுத்துப் போனாலும் கடைசியில் அதே 3.36 லட்சம் வேலைக்குத்தான் பெரும்பாலானவர்கள் சேர்கிறார்கள். அந்தச் சம்பளம் பத்துப் பதினைந்து வருடமாக அங்கேயே நிற்கிறது, அது வேறு வயிற்றெரிச்சல்.

ஹெச்ஆர் அக்கா:

உப்பளம் தம்பி சொல்வது ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் கம்பெனிகளுக்குச் சரி. பத்துப் பேர், இருபது பேர் எடுக்கும் இடத்தில் கதை வேறு. நான் சென்னையில் அப்படி ஒரு சின்ன புராடக்ட் கம்பெனியில் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன், சொந்த ஊர் வில்லியனூர்.

ஃப்ரெஷர் வேலைக்கு ஒரு விளம்பரம் போட்டால் வாரம் முடிவதற்குள் ரெஸ்யூமே மலையாகக் குவிந்துவிடும். எல்லாவற்றையும் உட்கார்ந்து படிக்க இங்கே ஆள் கிடையாது. முதலில் பாஸ் அவுட் வருடத்தை வைத்து வடிகட்டுவோம், அடுத்தது காலேஜ் பட்டியல். பட்டியலில் இல்லாத காலேஜ் ரெஸ்யூமே திறக்கப்படாமலே போகும். அநியாயம்தான், ஆனால் நடப்பது இதுதான். மேலிடத்தில் கேட்டால் “போன வருஷம் அந்தக் காலேஜில் எடுத்த பிள்ளைகள் நன்றாக வந்தார்கள், அங்கேயே போ” என்பார்கள்.

இந்த வடிகட்டிக்குள் வராமல் உள்ளே நுழைய ஒரு வழி ரெஃபரல். உள்ளே வேலை செய்பவர் ஒரு பெயரைக் கொடுத்தால் காலேஜ் எது என்று யாரும் பார்ப்பதில்லை, நேராக டெஸ்டுக்குக் கூப்பிடுவோம். சரி, ரெஃபரல் கொடுக்க ஆள் எங்கிருந்து வரும்? சீனியர்களிடமிருந்து. அந்த சீனியர் எங்கே படித்தார்? பார்த்தீர்களா, மறுபடியும் காலேஜ்.

இரண்டு மூன்று வருட அனுபவம் வந்துவிட்டால் படித்த இடம் ரெஸ்யூமேயின் கடைசி வரிக்குப் போய்விடும். அதுவரைதான் இந்தப் பாடு.

பாகூர் ஏரி:

அக்கா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வடிகட்டாத கம்பெனியும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஜோஹோ தேர்வுக்கு நானும் போனேன். பாண்டியிலிருந்து விடியற்காலை பைபாஸ் பஸ் பிடித்துக் கூடுவாஞ்சேரியில் இறங்கி வளாகத்துக்குப் போனால், அந்த நேரத்துக்கே கையில் ஃபைலோடு ஒரு கூட்டம் நிற்கிறது. முதல் சுற்றில் காகிதத்தில் சி புரோகிராம் கொடுத்து “இதன் அவுட்புட் என்ன” என்று கேட்டார்கள். ஒரு பாயிண்டரைக் கூட்டிக் கழித்து மூன்று வரியில் சுற்றவிட்டிருந்தார்கள், கம்ப்யூட்டர் இல்லாமல் விரலை வைத்து எண்ணித்தான் விடை கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த சுற்றில் நாமே புரோகிராம் எழுத வேண்டும், ரெடிமேட் ஸ்ட்ரிங் ஃபங்ஷன் எதையும் தொடக்கூடாது. அதையும் தாண்டினால் ரயில் டிக்கெட் முன்பதிவு மாதிரி முழு அப்ளிகேஷன் ஒன்றை அங்கேயே உட்கார்ந்து கட்ட வேண்டும். என் பக்கத்து மேஜையில் பெரிய காலேஜ் டேக் போட்டிருந்த பையன் இரண்டாவது சுற்றோடு கிளம்பிவிட்டான். அதற்கடுத்த சுற்றில் நானும் கிளம்பினேன், அது தனிக்கதை. அங்கே தயாரானதுதான் பிறகு வேறு கம்பெனியில் கை கொடுத்தது.

ஜோஹோ 2005 முதலே பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கிறது. டிகிரியே வேண்டாம் என்கிறவர்களிடம் காலேஜ் பெயர் என்ன செய்யும்?

பலாச்சுளை:

ஆனால் அந்த மாதிரி கம்பெனி எத்தனை ப்ரோ? ஒன்றைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

லாஸ்பேட்டை வாத்தியார்:

பாண்டிப் பக்கம் ஒரு தனியார் காலேஜில் பிளேஸ்மெண்ட் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவன் நான். எந்தக் காலேஜ் என்பது வேண்டாம். கெடிலக்கரை தம்பிக்கு உபயோகமாக, விளம்பரப் பலகையை எப்படிப் படிக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

“95 சதவீதம் பிளேஸ்மெண்ட்” என்று இருந்தால் எதில் 95 என்று கேளுங்கள். சேர்ந்தவர்களில் 95 என்று யாரும் போடுவதில்லை. அரியர் இருப்பவர்களை நீக்கி, மேல்படிப்பு என்று எழுதிக் கொடுத்தவர்களை நீக்கி, “எனக்கு பிளேஸ்மெண்ட் வேண்டாம்” என்று கையெழுத்து வாங்கப்பட்டவர்களை நீக்கி, மிச்சம் இருப்பவர்களுக்குத் ‘தகுதியானவர்கள்’ என்று பெயர். அவர்களில் 95. அந்தக் கையெழுத்தை வாங்க நான் ஒவ்வொரு ஏப்ரலிலும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறேன், அதனால்தான் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை.

“1,200 ஆஃபர்” என்றால் 1,200 பேர் இல்லை. ஒரே பெண் நான்கு கம்பெனியில் தேறினால் நான்கு ஆஃபர். சுவரில் நான்கு தடவை போட்டோ இருக்கும், புடவைகூட மாறியிருக்காது.

ஹையஸ்ட் பேக்கேஜ் 40 லட்சம் என்பது ஒரு பையன், பெரும்பாலும் தானே வெளியில் தேடிப் பிடித்த வேலை. காலேஜ் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். நீங்கள் கேட்க வேண்டியது மீடியன், அதாவது சம்பளங்களை வரிசையாக நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவர் வாங்குவது. இதைப் பிளேஸ்மெண்ட் ஆபீஸில் கேட்டால் முழிப்பார்கள். ஆனால் எழுத்தில் கிடைக்கும். என்ஐஆர்எஃப் என்ற மத்திய அரசின் கல்லூரித் தரவரிசைக்கு விண்ணப்பிக்கிற ஒவ்வொரு காலேஜும் தான் கொடுத்த விவரத்தைத் தன் இணையதளத்தில் போட வேண்டும். காலேஜ் தளத்தின் அடியில் என்ஐஆர்எஃப் என்று ஒரு சின்ன இணைப்பு இருக்கும், அதைத் திறந்தால் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நேரத்தில் பாஸ் ஆனார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், மீடியன் சம்பளம் எவ்வளவு என்று மூன்று வருடக் கணக்கு வரிசையாக இருக்கும். காலேஜ் தானே கொடுத்த கணக்குதான், இருந்தாலும் பஸ் ஸ்டாண்டு பேனரை விட நம்பலாம். ஏஜெண்டு சொல்லும் காலேஜுக்கும் பக்கத்துக் காலேஜுக்கும் இரண்டையும் பிரிண்ட் எடுத்து அருகருகே வையுங்கள்.

இன்னொன்று, தன்னாட்சி இல்லாத, அதாவது சொந்தமாகத் தேர்வு நடத்தாத, இணைப்புக் காலேஜ்களின் தேர்ச்சி சதவீதத்தை அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் வெளியிடுகிறது. பாதிப் பேர் ஃபெயில் ஆகும் காலேஜில் எந்தக் கம்பெனி வந்து என்ன? உட்காரவே தகுதி இருக்காது.

கடைசியாக, ஆஃபர் வேறு, ஜாய்னிங் வேறு. 2022-இல் படிப்பை முடித்த பிள்ளைகள் பெரிய கம்பெனி ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் வரை காத்திருந்தது செய்தியிலேயே வந்தது. காலேஜ் சுவரில் அவர்கள் போட்டோ அன்றைக்கே ஏறிவிட்டது.

உப்பளத்துக்காரன்:

வாத்தியாரே, பூல் டிரைவ் பற்றியும் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை வாத்தியார்:

ஆமாம், விட்டுப்போச்சு. சின்னக் காலேஜுக்கெல்லாம் கம்பெனி தனியாக வராது. ஒரு காலேஜில் இடம் போட்டுச் சுற்றியுள்ள ஏழெட்டுக் காலேஜ் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். நடத்துகிற காலேஜ் பிள்ளை குளித்துச் சாப்பிட்டு ஹாஸ்டலிலிருந்து நடந்து வரும். நம் பிள்ளை சிதம்பரத்திலிருந்தோ விருத்தாசலத்திலிருந்தோ இருட்டில் பஸ் ஏறி, தூக்கக் கலக்கத்தில் ஆப்டிடியூட் எழுதும். பெரிய காலேஜ் என்பதன் லாபத்தில் பாதி இதுதான். ஏஜெண்டு சொன்ன “தேடி வருவான்” அந்த அளவுக்குப் பொய்யில்லை.

சிப்காட் ஷிஃப்ட்:

எல்லோரும் ஐடி பற்றியே பேசுகிறீர்கள். கடலூரில் சிப்காட் தொழிற்பேட்டை என்று ஒன்று இருப்பது யாருக்காவது நினைவிருக்கிறதா? நான் அங்கே ஒரு கெமிக்கல் பிளாண்டில் க்யூசி லேப், அதாவது தரப் பரிசோதனை. எங்கள் லேபில் தேவனாம்பட்டினம் பெரியார் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவர்கள் இருக்கிறார்கள், மஞ்சக்குப்பம் செயின்ட் ஜோசப்ஸில் படித்தவர்கள் இருக்கிறார்கள், அண்ணாமலைப் பல்கலைக்கழக எம்.எஸ்சி.யும் இருக்கிறார்கள்.

இண்டர்வியூவில் எங்கள் மேனேஜர் சான்றிதழை அப்புறம்தான் பார்ப்பார். முதலில் லேபுக்குக் கூட்டிப் போய் ப்யூரெட் என்ற அளவுக் குழாயை நிறுத்தி, பர்மாங்கனேட் கரைசலை ஊற்றி, “ரீடிங் எடுப்பா” என்பார். தண்ணீர் மாதிரி நிறமில்லாத கரைசலுக்கு மேற்பரப்பு வளைவின் அடி விளிம்பைப் பார்த்து அளவு எடுக்க வேண்டும், பர்மாங்கனேட் மாதிரி அடர்ந்த நிறத்துக்கு அடி விளிம்பு தெரியாது, மேல் விளிம்பைத்தான் எடுக்க வேண்டும். செய்து பழகிய பிள்ளை யோசிக்காமல் மேல் விளிம்புக்குக் கண்ணைக் கொண்டுபோகும். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிய பிள்ளை குனிந்து அடியில் தேடிக்கொண்டே இருக்கும். வெளியூரில் பெயர் போன காலேஜில் எம்.எஸ்சி. முடித்து வந்த ஒருவர் அப்படித் தேடியதை நானே பார்த்தேன். அரசுக் கல்லூரிப் பெண் ஒருத்தி ரீடிங் எடுத்துவிட்டு, “சார், ப்யூரெட் முனையில் காற்றுக் குமிழி இருக்கு, முதல்ல அதை வெளியேத்தணும்” என்றாள். அன்றைக்கே அப்பாயிண்ட்மெண்ட்.

சம்பளம் ஐடி அளவு இல்லை, ஷிஃப்ட் உண்டு, வாசனை உண்டு. ஆனால் சொந்த வீட்டில் சாப்பாடு.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சொன்ன என்ஐஆர்எஃப் பக்கத்தை நேற்று ராத்திரி திறந்து பார்த்தோம். ஏஜெண்டு சொல்லும் காலேஜின் மீடியன் அவர் வாயால் சொன்னதில் பாதிகூட இல்லை. அதே சமயம் பக்கத்துத் தனியார் காலேஜின் தளத்தில் அந்த இணைப்பே இல்லை. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பலாச்சுளை:

இணைப்பு இல்லாததே ஒரு பதில்தான் அண்ணா.

நெய்வேலி டவுன்ஷிப்:

பெண் எந்தப் பள்ளி? 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் போகலாம். டியூஷன் பீஸ், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டுகிறது. அதில் இன்னும் நல்ல காலேஜே கிடைக்கும், மேனேஜ்மெண்ட் கோட்டா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

கெடிலக்கரை:

அரசு உதவி பெறும் பள்ளி சார். அதற்கு 7.5 கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தமிழ் மீடியம்.

நெய்வேலி டவுன்ஷிப்:

அப்படியானால் 7.5 இல்லைதான். ஆனால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் உண்டு. முதல் பட்டதாரிச் சான்றிதழையும் வாங்கி வையுங்கள், கவுன்சிலிங்கில் சேர்ந்தால் கட்டணச் சலுகை. மேனேஜ்மெண்ட் சீட்டுக்கு அந்தச் சலுகை வராது.

எங்கள் என்எல்சி பக்கம் ஒரு விஷயம். இன்ஜினியர் டிரெய்னி வேலைக்குக் கேட் (GATE) என்ற தேசிய அளவிலான இன்ஜினியரிங் தேர்வு மதிப்பெண்ணை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். மற்ற பல பொதுத்துறை நிறுவனங்களும் அப்படியே. காலேஜ் பெயருக்கு அங்கே வேலையே இல்லை. மூன்றாம் வருடத்திலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். இசிஇ பிள்ளைகள் கேட்டைச் சீரியஸாக எடுக்காமல் எல்லோரும் ஐடி பக்கம் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மஞ்சக்குப்பம் மாடி:

நான் பொருளியல் வகுப்பு எடுப்பவன். அனுபவத்தைப் பேசிக்கொண்டே இருந்தால் தீராது, இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஷீத்தல் சேக்ரி என்ற பொருளியலாளர் 2020-இல் இந்தியாவை வைத்தே ஒரு ஆய்வு வெளியிட்டார். புகழ்பெற்ற அரசுக் கல்லூரிகளின் கட்ஆஃபுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மயிரிழையில் நின்ற மாணவர்களை ஒப்பிட்டார். திறமையில் ஏறக்குறைய ஒன்றே, ஒருவர் உள்ளே போய்விட்டார், இன்னொருவர் தனியார் கல்லூரிக்குப் போனார். உள்ளே போனவருக்குப் பிறகு சம்பளம் கூட. சரி, அங்கே நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள் போல என்று நினைப்போம். படிப்பை முடிக்கும்போது எழுதிய பொதுத் தேர்வில் பார்த்தால், உள்ளே போனவர் அதனால் கூடுதலாக எடுத்தது எதுவும் இல்லை. ஆக, கூடுதல் சம்பளம் கல்லூரியின் பெயருக்குக் கிடைத்தது, அங்கே கற்றதற்கு இல்லை. உப்பளம் தம்பி “பெயரெல்லாம் சும்மா” என்றது இங்கே அடிபடுகிறது.

அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-இல் வேறு விதமாகப் பார்த்தார்கள். பெரிய கல்லூரிகளில் இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரியில் படித்தவர்களின் சம்பளம், பெரிய கல்லூரியிலேயே படித்தவர்களோடு ஏறத்தாழ சமமாக வந்தது. அதில் ஒரு விதிவிலக்கு உண்டு, எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரியால் உண்மையிலேயே லாபம் இருந்தது. இதே இருவர் 2011-இல் மறுபடி பார்த்தபோதும், பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த லாபம் தெரிந்தது. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். டாக்டர் வீட்டுப் பையன் எங்கே படித்தாலும் அப்பாவின் நண்பர் ஒருவர் எங்காவது ஒரு கம்பெனியில் இருப்பார். வேலையில் இருக்கும் சித்தப்பா இல்லாத வீட்டுக்குக் காலேஜ்தான் சித்தப்பா.

ஹெச்ஆர் அக்கா:

நான் ரெஃபரல் பற்றிச் சொன்னதும் இதைத்தான் சார்.

பாகூர் ஏரி:

சார், அப்படியானால் கெடிலக்கரை அண்ணன் வீட்டுப் பெண்ணுக்குத்தான் பெரிய பெயர் அதிகம் தேவை, அதனால் 14 லட்சம் கட்டச் சொல்கிறீர்களா? எனக்கு இது உறுத்துகிறது.

மஞ்சக்குப்பம் மாடி:

இல்லை தம்பி. சேக்ரி பார்த்தது கட்ஆஃபால் கிடைக்கும் அரசுக் கல்லூரிப் பெயரை. ‘எல்லோராலும் உள்ளே போக முடியாது’ என்று வேலை கொடுப்பவருக்குத் தெரிந்திருப்பதால்தான் அந்தப் பெயருக்கு விலை. காசு கட்டினால் கிடைக்கும் பெயருக்கு அந்த விலையை அப்படியே தூக்கி வைக்க முடியாது.

ஹெச்ஆர் அக்கா:

இங்கே நான் மாறுபடுகிறேன் சார். ரெஸ்யூமேயில் மேனேஜ்மெண்ட் கோட்டா என்று யாரும் எழுதுவதில்லை. எங்கள் பட்டியலில் தனியார் காலேஜ்களும் இருக்கின்றன, அங்கிருந்து வருபவர் எப்படிச் சேர்ந்தார் என்பது எங்களுக்குத் தெரியாது, கவலையும் இல்லை.

லாஸ்பேட்டை வாத்தியார்:

அக்கா சொல்வது உண்மை, ஆனால் ஒரு படி முன்னால் நடப்பதையும் பாருங்கள். அந்த மாதிரி காலேஜில் சிஎஸ்இ ஒரு பிரிவு இல்லை, ஏ முதல் ஹெச், ஐ வரை போகும். நல்ல கம்பெனி வந்தால் சிஜிபிஏ (10-க்கு மதிப்பெண் சராசரி) 8-க்கு மேல் உள்ளவர்கள் மட்டும் உட்காரலாம் என்பார்கள். அங்கே 190 கட்ஆஃப் பிள்ளைகளும் இருக்கும். 168-இல் போகிற பெண் அந்தக் கூட்டத்தில் மேலே வந்தால் எல்லாம் சரி. வராவிட்டால் கம்பெனி கேம்பஸுக்கு வந்தும் அந்த ஹாலுக்குள் இவள் இருக்க மாட்டாள். பெயருக்குக் கட்டிய காசு அங்கேயே கரைந்துவிடும். இதே பெண் பண்ருட்டியில் வகுப்பில் முதல் ஐந்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

உப்பளத்துக்காரன்:

முதல் ஐந்தில் இருந்து என்ன, அங்கே யார் வருகிறார்கள் என்பதும் கேள்விதானே. ஆனாலும் உறுப்புக் கல்லூரி என்றால் சான்றிதழில் அண்ணா பல்கலைக்கழகம் என்று இருக்குமே.

பாகூர் ஏரி:

அது எல்லா இணைப்புக் காலேஜுக்கும் இருக்கும் ப்ரோ. சான்றிதழில் இருப்பதற்கும் கிண்டி வளாகத்திலேயே படித்ததற்கும் வித்தியாசம் வேலை கொடுப்பவனுக்கு நன்றாகவே தெரியும்.

வங்கி கவுண்டர்:

பெயர் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள், லோனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் தினமும் கல்விக் கடன் ஃபைல் பார்க்கிறவன்.

14 லட்சத்தில் நகை 6 லட்சம், கடன் 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதலில், 7.5 லட்சம் வரைதான் சொத்து ஜாமீன் கேட்காமல் கொடுப்பார்கள், அதற்கு மேல் வீட்டுப் பத்திரம் கேட்கும். வட்டி 10 சதவீதம், 7 வருடத் தவணை என்றால் மாதம் 13,000-க்கு மேல் கட்ட வேண்டும். படிக்கும் காலத்து வட்டியும் அசலோடு சேர்ந்தால் இன்னும் ஏறும். வேலை 3.36 லட்சம் என்றால் பிடித்தம் எல்லாம் போகக் கையில் மாதம் 25,000 வந்தால் பெரிது. சென்னையில் பெண்கள் ஹாஸ்டலுக்குச் சாப்பாட்டோடு எட்டாயிரமாவது வேண்டும். மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நகை மீட்பது அப்புறம்.

இதில் மிக மோசமான பகுதி, கடன் கழுத்தில் இருக்கும் பிள்ளை கிடைத்த முதல் வேலையைப் பிடித்துக்கொள்ளும். ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து படித்து நல்ல தேர்வு ஒன்றை எழுதலாம் என்று துணியாது. கடன் இல்லாத பிள்ளைக்கு அந்த ஆறு மாதம் இருக்கிறது. கவுண்டரில் உட்கார்ந்து பார்த்ததில், காலேஜ் பெயர் செய்வதை விட அந்த ஆறு மாதம் அதிகம் செய்கிறது.

பலாச்சுளை:

இதுக்குத்தான் நான் முதலிலேயே கமிஷன் கேட்கச் சொன்னேன்.

சிப்காட் ஷிஃப்ட்:

பெண் பிள்ளை, தினமும் பண்ருட்டி போய் வர முடியுமா என்றும் யோசியுங்கள். மழைக்காலத்தில் கெடிலம், பெண்ணை இரண்டும் நிறைந்தால் நம் பக்கத்து பஸ் நிலவரம் தெரிந்ததுதானே. அங்கேயே ஹாஸ்டல் பாருங்கள்.

உப்பளத்துக்காரன்:

பஸ் என்றதும் நினைவு வருகிறது, வேலைக்காகச் சென்னைக்கே போக வேண்டும் என்பதும் மெதுவாக மாறுகிறது. வானூர் பக்கம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் 2024-இல் திறந்தார்கள். பாண்டியிலிருந்து பைக்கில் போய்விடலாம். திண்டிவனம் ரோட்டில் அந்த மேம்பாலத்தை மட்டும்...

மட்டுறுத்துநர்:

சாலை, பஸ், மேம்பாலம் எல்லாவற்றுக்கும் தனி இழை இருக்கிறது. இங்கே காலேஜ், வேலை மட்டும்.

கெடிலக்கரை:

மச்சானிடம் வங்கிக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, ஏஜெண்டு போன் அடித்தபோது எடுக்கவும் இல்லை. பெண் என்னிடம் கேட்பது வேறு. “மாமா, இசிஇ எடுத்தால் சாஃப்ட்வேர் வேலைக்குப் போக முடியாதா?” என்கிறாள்.

பாகூர் ஏரி:

தாராளமாகப் போகலாம் அண்ணா. நான் இசிஇ. ஐடி கம்பெனி தேர்வுகளில் பெரும்பாலும் எல்லா பிராஞ்சும் உட்காரலாம். முதல் வருடத்திலேயே சி, அப்புறம் டேட்டா ஸ்ட்ரக்சர் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சிஎஸ்இ பிள்ளைகள் வகுப்பில் படிப்பதை இவள் சாயங்காலத்தில் படிக்க வேண்டும், வித்தியாசம் அவ்வளவுதான். அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் காலேஜ் வழியாகவே கோர்ஸ் வரும், சும்மா அட்டெண்டன்ஸுக்கு முடிக்காமல் ஒழுங்காகச் செய்யச் சொல்லுங்கள்.

ஹெச்ஆர் அக்கா:

சீனியர்களில் நல்ல கம்பெனிக்குப் போனவர்கள் யார் யார் என்று முதல் வருடத்திலேயே தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சின்னக் காலேஜில் அப்படிப்பட்டவர்கள் குறைவு, ஆனால் கேட்டால் மறுக்க மாட்டார்கள். அவளுக்கு விருப்பம் என்றால் மூன்றாம் வருடத்தில் ரெஸ்யூமேயை இங்கே போடட்டும், நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

தவளக்குப்பம்:

இதே இழையில் ஒரு கேள்வி, தப்பாக நினைக்க வேண்டாம். என் தம்பி லாஸ்பேட்டை மோதிலால் நேரு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ கடைசி வருடம். அடுத்து பி.டெக். இரண்டாம் வருடத்தில் நேராகச் சேரலாம் என்கிறார்கள். டிப்ளமோ வழியாக வந்தால் கம்பெனிக்காரர்கள் மட்டமாகப் பார்ப்பார்களா?

லாஸ்பேட்டை வாத்தியார்:

மட்டமாகப் பார்ப்பதில்லை. பிளஸ் டூ 60 சதவீதம் கேட்கும் இடத்தில் டிப்ளமோ சதவீதத்தை எடுத்துக்கொள்வார்கள், ஆக டிப்ளமோவில் 60-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல். சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை பக்கம் தொழிற்சாலைகளில் டிப்ளமோ படித்துவிட்டு வந்த இன்ஜினியர் என்றால் ஒரு படி மேல்தான், மெஷினைத் தொடப் பயப்பட மாட்டான்.

பாண்டியில் அந்தச் சேர்க்கையும் சென்டாக் (பாண்டி அரசின் சேர்க்கைக் குழு) வழியாகத்தான். குடியிருப்புச் சான்று கேட்பார்கள். உங்கள் ரேஷன் கார்டு பாண்டிப் பக்கமா, கடலூர்ப் பக்கமா?

தவளக்குப்பம்:

பாண்டி கார்டு சார். ஆனால் அப்பா நடுவில் ரெட்டிச்சாவடியில் சில வருடம் இருந்தார்.

லாஸ்பேட்டை வாத்தியார்:

அப்படியானால் இப்போதே தாலுகா ஆபீஸ் போய் விசாரித்துவிடு. தம்பியின் பள்ளி டிசி, பழைய கார்டு ஜெராக்ஸ் இரண்டையும் எடுத்துக்கொண்டு போ. சென்டாக் அறிவிப்பு வந்தபிறகு போனால் அங்கே வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்.